நானூறு கிராம்

கோண்டாவில் தபால் கந்தோரில்
பார்சல் நிறுப்பது என் வேலை.
கனடாவுக்கு மிளகாய்த்தூள்,
லண்டனுக்கு ஒடியல்,
பாரிசில் யாருக்கோ சாமத்திய வீட்டுச் சேலை.
தராசு பொய் சொல்லாது என்று
ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்கிறேன்.

வீட்டில், கட்டிலுக்குக் கீழே
கண்ணாடித் தராசு.
அதுவும் பொய் சொல்வதில்லை.
காலால் உள்ளே தள்ளிவிடுகிறேன்.

இரைப்பையின் கழுத்தில் ஒரு வளையம்.
கொழும்பில் போட்டது. காசு தங்கச்சி ரஜிதாவின்,
ரொறன்ரோவில் அவள் நித்திரை முழித்த காசு.
தோலுக்குள்ளே ஒரு பொத்தான்;
ஊசி ஏற்றி அதில் உப்புநீர் விட்டால்
வளையம் இறுகும்.
இறுக்க ஒருக்கா, இளக்க ஒருக்கா,
இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம்.
முறிகண்டியில் எல்லோரும் இறங்கிக் கச்சான் வாங்குவார்கள்.
நான் யன்னலோரம் ஒரு மிடறு தண்ணீரை விழுங்கிவிட்டு
அது இறங்கும்வரை
காத்திருப்பேன்.

முதல் ஆறு மாதத்தில் பதினொரு கிலோ போனது.
பிறகு லூப்பஸ் எழும்பியது.
விரல் மூட்டெல்லாம் நெருப்பு.
டொக்டர் பிரட்னிசொலோனை
ஐந்திலிருந்து முப்பதாக்கினார்.
கிளினிக் கொப்பியில் அவர் எழுதியதைத்
தமிழாக்கினால் இப்படி வரும்: நிலா முகம்.
மதிமுகம் என்று ஒருவரும் என்னைப் பாடினதில்லை,
இருபது வயதிலும்.
நாற்பத்தாறில் கிடைத்தது,
பெரியாஸ்பத்திரி ஏழாம் இலக்க அறையில்.

வளையம் சொல்லுது, சாப்பிடாதே.
குளிசை சொல்லுது, சாப்பிடு, சுவரையும் சாப்பிடு.

புட்டு இறங்காது.
மீன்குழம்பு விட்டுக் குழைத்தாலும்
நெஞ்சுக்குள் கல்லாய் நிற்கும்,
பிறகு கிணற்றடியில் குனிந்து நிற்பேன்.
ஐஸ்கிரீம் இறங்கும்.
இதை ஒருவருக்கும் சொன்னதில்லை:
வெள்ளிக்கிழமை நல்லூருக்கு என்று வெளிக்கிட்டு
கோயில் மணி கேட்கிற தூரத்தில்
ஒரு கடையின் மூலை மேசை.
ஒரு ஸ்பெஷல். மேலே ஜெலி, கஜு, சிவப்புப் பாணி.
எந்த வளையமும் அதை மறிப்பதில்லை.
தொண்டையோடு சண்டை பிடிக்காத ஒன்றை விழுங்குவது
எவ்வளவு சுகம் தெரியுமா.
கைப்பைக்குள் இருக்கும் திருநீற்றைப் பூசிக்கொண்டு
வீடு திரும்புவேன்.

வாந்தியெடுத்தே கிடந்த மாசியில்
சந்தையில் மறித்தார் மிஸிஸ் அருமைநாயகம்:
"நல்லா மெலிஞ்சிட்டியள், என்ன செய்யிறனீங்கள்?"
வீங்கிப்போன ஆடியில் அவரே:
"இவ்வளவு காசைக் குடுத்தும்..."
முடிக்கவில்லை. கத்தரிக்காய் பொறுக்கினார்.

மெலிவை நான் முன்பும் கண்டவள்.
இரண்டாயிரத்து ஒன்பது, செட்டிகுளம் முகாம்,
முப்பத்தெட்டுக் கிலோ.
அப்போது ஒருவரும் கேட்கவில்லை
என்ன செய்யிறனீங்கள் என்று.
சோற்றுப் பார்சல் எறிந்த லொறிக்குப் பின்னால்
ஓடின கால்கள்தான் இவை,
இப்போது கந்தோரின் மூன்று படிக்குக்
கைபிடி தேடுகின்றன.
அந்த உடம்பு இன்னும் உள்ளே இருக்கிறது போலும்.
அதற்கு ஒரு வளையத்தை மாட்டிவிட்டு
பசி முடிஞ்சுது என்று சொன்னால்
நம்புமா?

இன்று காலை நானூறு கிராம் குறைவு.
மூன்று மாதத்தில் முதல் தடவை.
ரஜிதாவுக்கு எழுதத் தொடங்கி அழித்தேன்.
நாளைக்கு ஏறிவிடும், தண்ணீராய் இருக்கும்,
மூட்டு வீக்கம் வற்றியதாய் இருக்கும்.

வேலை முடிந்து வரும்போது
சந்திக் கடையில் பால்மா பைக்கற் ஒன்றை எடுத்தேன்.
நானூறு கிராம்.
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்,
வீங்கின விரல்களுக்கு
அது பாரமாய்த்தான் இருந்தது.
திரும்பத் தட்டில் வைத்தேன்.
"வேணாமோ அக்கா?"
"வேணாம் தம்பி. சும்மா தூக்கிப் பாத்தனான்."