மூன்று, மூன்று, ஏழு

என் வேலை எண்களை எழுதுவது.
டாக்டர் நில்தா கலிசாயா சொல்லச் சொல்லக்
கட்டத்தில் போடுவேன்:
மூன்று. இரண்டு. மூன்று.
ஒரு பல்லுக்கு ஆறு இடம்.
ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் என்று
மெல்லிய கம்பி இறங்கிப் பார்க்கும்.
மூன்று வரை பேச்சில்லை.
நான்கு என்றால் என் பேனா கொஞ்சம் அழுத்தும்.

ஒரூரோவில் நவம்பர்.
வெளியே மேட்டுச் சமவெளிக் காற்று
மண்ணை வாரி ஜன்னலில் அடிக்கிறது.
நாற்காலியில் எலெயுதேரியோ கொந்தோரி,
ட்ரம்பெட்காரர், ஐம்பத்து மூன்று வயது,
கார்னிவலில் பேய்முகமூடிகளுக்குப் பின்னால்
ஊர் முழுக்க ஊதிக்கொண்டே நடப்பவர்.

அவர் வந்தது பல்லுக்காக அல்ல.
"மேல் ஸ்வரம் நழுவுகிறது டாக்டர்.
உதடு சொன்னபடி கேட்கிறது.
உள்ளே ஏதோ நகர்கிறது."

வலி?
இல்லை.
ரத்தம்?
அது எப்போதும் வருவதுதானே.
மௌத்பீஸ் துடைக்கும் துணியை
இருபது வருடமாகச் சிவப்பிலேயே வாங்குகிறாராம்.

மூன்று, மூன்று, ஐந்து.
ஐந்து, ஆறு, ஆறு.
அவர் கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது,
எண்ணைக் கேட்டால் தாளம் போடும் பழக்கம்.
கீழ் முன்பல்லில் டாக்டர் ஒரு மூச்சு தாமதித்து
ஏழு
என்றார். கால் நின்றது.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தோம்.
பல்லைச் சுற்றிய எலும்பு கீழே கீழே இறங்கியிருந்தது.
"போபோ ஏரி மாதிரி," என்றார் அவரே.
"தண்ணீர் நின்ற கோடு இருக்கிறது,
தண்ணீர்தான் இல்லை.
திரும்பி வருமா?"
போன எலும்பு வராது.
இருப்பதை இருக்கவைக்கலாம்.

தினம் படியும் மாவு போன்ற படலம்,
விட்டால் காரையாகும்.
காரையின் மறைவில் கிருமி குடியேறும்.
அதை விரட்டப்போய் உடம்பு
தன் வீட்டுச் சுவரையே இடிக்கும்.
கடன்காரனாவது வாசலில் நின்று கத்துவான்.
இது கத்தாது.

நான்கு சனிக்கிழமை, வாயின் நான்கு மூலை.
மரக்க ஊசி. ஈறுக்கடியில் கருவி.
வேரைச் சுரண்டும் சத்தம்,
பானையடியில் தீய்ந்ததைப் பிடிவாதமாய்ச் சுரண்டுவது போல.
முதல் சனியன்று மரத்த உதட்டோடு ஒத்திகைக்குப் போய்
வெறும் காற்றை ஊதிவிட்டு வந்திருக்கிறார்.
சிகரெட்?
குறைத்துவிட்டேன் என்றார்.
பையில் தீப்பெட்டி குலுங்கியது.
சர்க்கரையும் கூடுதல். அதற்கு வேறு டாக்டர், வேறு வரிசை.

பல்லிடுக்குப் பிரஷை நான்தான் காட்டிக்கொடுத்தேன்.
பார்த்ததும் சிரித்துச்
சட்டைப்பையிலிருந்து அதன் அண்ணனை எடுத்தார்:
மௌத்பீஸ் கழுவும் பிரஷ்.
"இதைத் தினமும் தேய்க்கிறேன், ஒரு நாள்கூட..."
முடிக்கவில்லை.

ஜனவரி கடைசியில் மறுபடி கம்பி.
மூன்று. மூன்று. நான்கு.
ரத்தம் அநேகமாக இல்லை.
ஏழு ஐந்தாகி, ஐந்திலேயே முரண்டு பிடிக்கிறது.
அந்தப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு
கம்பியால் கட்டியிருக்கிறோம்,
குடிகாரனைத் தோளில் தாங்கி நடத்துவது போல.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள்.
எத்தனை காலத்துக்கு?
பல் வேண்டும் வரைக்கும்.

கார்னிவல் சனியன்று கூட்டத்தில் நின்றேன்.
அத்தனை ட்ரம்பெட்டில் எது அவருடையது?
மேல் ஸ்வரத்தை யாரோ பிடித்தார்கள்,
யாரோ நழுவவிட்டார்கள்.
கடந்து போகையில் துணியை எடுத்து வாயைத் துடைத்தார்.
அதே சிவப்பு.
அதில் ஒன்றும் தெரியாது.

இரவு பல் துலக்கித் துப்பினேன்.
தொட்டியில் இளஞ்சிவப்பு.
ஒன்பது வருடம் எண் எழுதியவள் நான்,
என் எண்ணை ஒருவரும் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

புதன்கிழமைதான் கிளினிக் திறக்கும்.
நாற்காலியில் நான் உட்கார்ந்தால்
எழுத யாரைக் கூப்பிடுவது?