கழிவு

ஆடி மாசம், முகூர்த்தம் கிடையாது.
அதனால் பாதி வாடகைக்குக் கிடைத்தது
முக்கூடலில் இந்தக் கல்யாண மண்டபம்.
மேடைச் சுவரில் போன கல்யாணத்துத் தெர்மாகோல் எழுத்துகள்.
மாப்பிள்ளை பெயர் உதிர்ந்து
பெண்ணின் பெயர் மட்டும் பாக்கி.
அதன்மேல் கட்டினோம் திரையை.

மனித உரிமை ஆவணப்பட விழா, இரண்டாம் நாள்.
நேற்று பாளையங்கோட்டையில்
கைத்தட்டல், கலந்துரையாடல், நல்ல காபி.
இங்கே எண்பது பெண்கள், மடியில் சுளகோடு.
படம் பார்க்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்?
இருட்டிலும் இலை சுருண்டுகொண்டே இருந்தது.

கடைசி வரிசையில் தனிப்பிரிவு ஏட்டையா,
கட்டம்போட்ட சட்டை, காக்கிக்குரிய ஷூ.
"படத்துப் பேர எழுத்துக்கூட்டிச் சொல்லு தம்பி."
சொன்னேன்.

நாற்பதாவது நிமிடம் பீடிக்கடை ஜன்னல்.
கேமரா உள்ளே இருக்கிறது.
கம்பிக்கு வெளியே வரிசையாகக் கைகள்.
கணக்கர் ஒரு கட்டை அமுக்குகிறார், முகர்கிறார்,
"கழிவு" என்கிறார்.
நாலு கட்டு மேஜைக்குக் கீழே போகிறது.

"ஏ தம்பி, நிறுத்து."
எழுந்து நின்றவள் முப்பிடாதி.
திரையில் மூன்றாவது ஜோடிக் கை அவளுடையது.
"கொஞ்சம் பின்னால போட்டு."
போட்டேன்.
"இன்னுங் கொஞ்சம்.
ஆங், அங்கன."

மேஜைக்குக் கீழே ஒரு சாக்கு.
அதன் வாய் அழகாக மடித்துவிடப்பட்டிருந்தது.
பக்கத்தில் பசைக் கிண்ணம்,
ஒரு அடுக்கு லேபிள்,
அதே கம்பெனி.

"குப்பைல கொட்டுதேன்னுல்லா சொன்னான்."

பத்தொன்பது வருசம்
ஜன்னலுக்கு இந்தப் பக்கமே நின்றவள்.

டைரக்டர் என் காதருகே குனிந்தார்:
எடிட்டிங்கில் நூறு தடவை பார்த்த ஷாட்,
ஏழு ஊர்த் திரையில் ஓடிய ஷாட்,
சாக்கை நான் பார்க்கவே இல்லை.
முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் ஒருத்தி செல்போனில் தட்டினாள்.
நாளைக்கு நாலு கட்டு, நூறு பீடி,
வருசத்துக்கு முந்நூறு நாள்...
"அஞ்சு லட்சத்து எழுவதாயிரம் வருதுக்கா.
ஒனக்கு மட்டும்."

அப்போதுதான் கவனித்தேன்,
மண்டபத்தில் ஒரு விரலும் அசையவில்லை.

ஏட்டையா மறுபடி வந்தார்.
"எத்தனன்னு சொன்னாங்க?"
சொன்னேன்.
எழுதினார், அடியில் கோடு போட்டார்.
யாருக்காக என்று தெரியவில்லை.

மீதி இருபத்திரண்டு நிமிடத்தை
ஒருவரும் கேட்கவில்லை.
சுளகைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.
கதவைத் திறந்ததும் வெயில் விழுந்து
திரை வெளுத்தது, முதலில் கைகள்,
பிறகு கம்பி.
சாக்கு மட்டும் கறுப்பாகக் கொஞ்ச நேரம் நின்றது.

அதன் வாயில்
என் மவுஸின் அம்பு.
எடுக்கத் தோன்றவில்லை.