வால்

எங்கள் சைக்கிள் சங்கத்தில் எனக்கொரு பதவி உண்டு.
வால்.
சின்ன வயதில் இந்தப் பட்டத்துக்காக
மூன்று வாத்தியார்களிடம் அடி வாங்கியவள் நான்.
இப்போது முறைப்படி தீர்மானம் போட்டு
இதாயத்துல்லா முன்மொழிய, ஞானசௌந்தரி வழிமொழிய,
பட்டாணிச் சுண்டல் ஒட்டிய கைகள் பதினேழு
உயர்ந்து நிறைவேற்றின.

வேலை சுலபம்.
எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

ஞாயிறு நாலே முக்காலுக்கு
ரேஸ்கோர்ஸ் மைதான வாசலில் கூடுவோம்.
நாய்களுக்கு எங்களைப் பழகிவிட்டது,
குரைப்பதெல்லாம் சும்மா ஒரு கணக்குக்கு.
மொக்கராசு அண்ணன் ஒவ்வொரு தலைக்கவசத்தின் பட்டையையும்
இழுத்துப் பார்ப்பார்.
வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கிற ஆள்,
விடுமுறையிலும் விரல் சும்மா இருக்காது.

நாகேந்திரன் தன் சைக்கிளின் விலை
பதினாலாயிரம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.
உண்மை விலை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
அவர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனபோது
ஒருவருக்கும் வாய் தவறவில்லை.
சங்கம் என்பது முக்கால்வாசி இதுதான்.

மாட்டுத்தாவணியில் வெங்காய லாரிகளை
மூச்சடக்கிக் கடந்து,
ஒத்தக்கடை வரும்போது
இருட்டைவிடக் கருப்பாய் யானைமலை படுத்திருக்கும்.
அதன் தும்பிக்கையிலிருந்து வால் வரை போவதற்குள்
முன்வரிசை கரைந்துவிடும்.

நான் பார்ப்பதெல்லாம் முதுகுகள்.
பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
வாரமெல்லாம்
மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க.
ஞாயிறன்று அவரவர் மூச்சு அவரவர் இஷ்டம்.
ஆனாலும் கண் விடுவதில்லை.
இடது தோள் சாய்ந்தால் முழங்கால் வலி.
கனத்த கியரிலேயே முறுக்கி மிதிப்பவன்
வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான்.
போன ஆடியில் சேர்ந்த சாராள்
நூறடிக்கு ஒருதரம் திரும்பித் திரும்பி,
"அக்கா, நீங்க முன்னாடி போங்க."
"நான் முன்னாடி போயிட்டா
உன்னைய வால்னு சொல்லிருவாங்க, பரவாயில்லையா?"
சிரித்ததில் ஒரு கிலோமீட்டர் தாண்டினாள்.
இப்போது அவள் முன்வரிசை. என் கண்ணிலேயே படுவதில்லை.

மார்கழியில் ஒருநாள்
தெற்குத்தெருவைத் தாண்டி
அரிட்டாபட்டிக்குத் திரும்பும் பாதையில்
ஒரு கருவேல முள்.
பின்சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்தது.
சிவப்புப் புள்ளிகள் வளைவில் ஒவ்வொன்றாய் அணைந்தன.
கூப்பிட்டேன். காற்று எதிர்க்காற்று.
செல்போன் சார்ஜரிலேயே தூங்குகிறது, வீட்டில்.

வழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் பனி மட்டும்.
வாலுக்கு வால் கிடையாது.
எங்கள் விதிமுறையில் அந்த ஷரத்தே இல்லை.

பையைத் திறந்தேன்.
பம்பு இருந்தது. ஒட்டுத்துண்டு இருந்தது.
பசைக் குழாயைப் பிதுக்கினால்
எப்போதோ காய்ந்த ஒரு பொருக்கு.
குளத்து மேட்டில் ஏதோ பறவை
என்னைப் பார்த்துத்தான் கத்தியது.

எவ்வளவு நேரமென்று தெரியாது.
வளைவில் ஒரு வெளிச்சம், பின்னால் இன்னொன்று,
பிறகு கும்பலாய்.
எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது, பொய் சொல்லவில்லை.
விளக்குக் கூச்சத்தில் யார் யாரென்று தெரியவில்லை.
முதுகைக் காட்டியிருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன்.

முதலில் வந்து நின்றது சாராள்.
"அக்கா! பம்பு ஒங்ககிட்டதான இருக்கு?
இதாயத்துல்லா அண்ணனுக்கும் பஞ்சர்.
அரைமணி நேரமா அங்கிட்டு நிக்கிறோம்."

அதாவது, தேடி வந்தது என்னையில்லை.
மொக்கராசு அண்ணன் ஒன்றும் பேசாமல்
தன் பையிலிருந்து பசையை எடுத்து நீட்டினார்.
பிறகு, இருட்டில் பதினெட்டாவது தலையை
எண்ணி முடித்தது அவர் விரல்.

அந்த வாரக் கூட்டத்தின் குறிப்பேட்டில்
அவருடைய குண்டுக் கையெழுத்தில் இருக்கிறது:
பசை, இனி இரண்டு.
பம்பு, இனி இரண்டு.
வால், ஒன்று போதும்.