ஒரு வேலைச் சாவி

கண் ஆஸ்பத்திரிக்கு ஏழு கிளை.
ஆறுக்கும் கையால் எழுதிக் களைத்து
ஏழாவதுக்கு, சாவகச்சேரிக்கு,
ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

அதுவே சாவி வெட்டும்.
அதுவே கொண்டுபோய்
யாழ்ப்பாண வாசலில் பதியும்,
பக்கத்தில் ஒரு வரியோடு:
இந்த முகவரியிலிருந்து மட்டும் வா.
இந்தக் கோப்புறையில் மட்டும் வை.
இருக்காதே, எட்டிப் பார்க்காதே,
தேத்தண்ணி கேளாதே.

(கடைசி வரி கட்டளையில் இல்லை.
குறிப்பில் நான் சேர்த்தது.
வசீகரன் பார்த்தால் சிரிப்பான்.)

இரவு பதினொன்றரை. கரண்ட் போய் வந்தது.
விழித்திரைப் படங்கள் நானூற்றுப் பன்னிரண்டு
கண்டி வீதியில் ஒரு நாயையும் எழுப்பாமல்
வந்து சேர்ந்தன.

பிறகு அதே சாவியால்
நானே தட்டிப் பார்த்தேன்.
பெயர் கேட்கவில்லை.
காரணம் சொல்லவில்லை.
இணைப்பு மூடப்பட்டது.

'சரியாய் வேலை செய்யுது' என்று பதிந்தேன்.
கை மட்டும் கொஞ்ச நேரம்
விசைப்பலகையிலேயே கிடந்தது.

முகமாலையில் நீட்டிய அம்மாவின் பாஸிலும்
ஒரு வரிதான்:
மருத்துவம். மூன்று நாள். திரும்ப வேணும்.

நாளைக்கு மற்ற ஆறுக்கும்
இதையே ஓட்டவேணும்.