ஒன்று குறைய

முப்பது ஆண்டாக ஹெல்வன் நகர்மன்றத்தின்
கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்.
பழைய குறிப்பேடுகளில் வெர்லின் டோர்கெல்சன் பெயர்
எத்தனை இடத்தில் என்று எண்ணத் தொடங்கி
அறுபத்தெட்டாம் வருடத்தோடு கைவிட்டேன்.
பாதிக்கு மேல் புகார்.
பாதிரியார் வீட்டுக் குழாயை அடைத்துவிட்டார் என்று ஒன்று.
மூன்று மாத பாக்கி. அடைத்தது உண்மை.
அந்த ஞாயிறே ஆராதனைக்கு வந்து
முன்வரிசையில் உட்கார்ந்ததும் உண்மை.

கொரியாவிலிருந்து திரும்பியபோது வயது இருபத்திரண்டு,
கால்விரல் எட்டு.
மற்ற இரண்டைப் பனி எடுத்துக்கொண்ட இடத்தின் பெயரை
அவர் சொல்லிக் கேட்டவர் இல்லை.
வடக்கு டகோட்டாவில்
மூக்குக்குள் மயிர் ஊசியாய் விறைக்கும் காலையில்
"இதெல்லாம் ஒரு குளிரா" என்பார்.
போரைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

வந்த வாரமே தண்ணீர்த் தொட்டி வேலை.
அலுவலகம் தீப்பிடித்து
குழாய் வரைபடமெல்லாம் கருகிய வருடம்
சுண்ணக்கட்டியோடு தெருத்தெருவாய் நடந்தாராம்.
இங்கே ஒரு வால்வு, ஏழடி ஆழம்.
இங்கே ஒன்று, இடப்பக்கம் திருகணும், முரண்டு பிடிக்கும்.
எழுதிக்கொண்டே பின்னால் ஓடினாராம் பொறியாளர்.
எழுபத்து மூன்று வால்வு.
ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆறு கரைமீறிய ஏப்ரலில்
நான்காம் நாள் படகில் போய்ப் பார்த்தார்கள்.
பம்பு அறையில் மேசைமேல் நின்று
நீர் ஏறுவதைச் சுவரில் பென்சிலால்
மணிக்கொரு கோடாய்க் குறித்துக்கொண்டிருந்தார்.
அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க
இன்றுவரை யாருக்கும் மனம் வரவில்லை.

நாற்பத்தொரு ஆண்டில்
மிகைநேரக் கூலிக்கு அவர் கொடுத்தது ஒரே சீட்டு.
பதினொரு மணி நேரம்.
காரணம் என்ற இடத்தில் "நாய்" என்று மட்டும்.
யார் வீட்டு நாய், என்ன ஆயிற்று,
மன்றம் கேட்கவில்லை. நிறைவேற்றியிருக்கிறது.

சர்க்கரை ஆலை போனது. பள்ளிக்கூடம் போனது.
பள்ளி மூடி மூன்று குளிர்காலம் ஆன பிறகும்
அதன் வாசலில் பனி வழிக்கும் வண்டியின் சத்தம்
விடியல் ஐந்துக்குக் கேட்டது.
"டீசல் விற்கிற விலையில் எதுக்கு, வெர்லின்?"
"தீயணைப்பு வண்டி திரும்ப இடம் வேணும்."
தீயணைப்பு வண்டி அந்தத் தெருவுக்குப் போனதே இல்லை.

ஊர் எல்லையில் பச்சைப் பலகை.
மேலே ஊரின் பெயர், கீழே ஜனத்தொகை.
அரசாங்கம் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றும்.
அவருக்கு அது பொறுக்காது.
பிறந்தால் கூட்டி, இறந்தால் கழித்து,
சின்னத் தூரிகையோடு அவரே போவார்.
சட்டவிரோதம் என்று வந்த இரண்டு கடிதம்
என் கோப்பில் இருக்கிறது.
மனைவி லியோரா போன அன்று மாலையும் போனார்.
முந்நூற்று நாற்பது, முந்நூற்று முப்பத்தொன்பது.
அந்த ஒன்பது மட்டும் கொஞ்சம் கோணல்.

பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார், தொண்ணூற்று நான்கில்.
மரியாதைக்குச் சுட,
படைவீரர் சங்கத்தில் துப்பாக்கி தூக்க முடிந்தவர் மூவர்.
ஒருவர் சக்கர நாற்காலியில்.

மறுநாள் பெயின்ட் டப்பாவோடு
மேயர் டுவேனும் நானும் பலகைக்குப் போனோம்.
பதிவேட்டைப் பார்த்துக்கொண்டுதான் போனேன்:
இருநூற்றுப் பதினாறு. அவரைக் கழித்தால் பதினைந்து.

பலகையில் ஏற்கனவே பதினைந்து.

எண்ணின் மேல் சாலை உப்பு படிந்து
அதன் மேல் சேறு காய்ந்திருந்தது.
முதல் பனிக்கு முன்னால், நவம்பரில் எழுதியது.

அப்படியானால்
டிசம்பர் புயலில் என் வாசலை வழித்தது யார்?
ஜனவரியில் உறைந்த குழாயடியில் ஊதுவிளக்கோடு
மல்லாந்து படுத்து என்னைத் திட்டியது?

டுவேன் டப்பாவைத் திறக்கவில்லை.
வண்டியில் இருவரும் பேசவில்லை.
அன்றைய குறிப்பை எழுத எனக்கு ஒரு மதியம் பிடித்தது:
"பலகை பார்வையிடப்பட்டது.
வேலை முன்பே முடிந்திருந்தது.
கூலி கேட்டுச் சீட்டு வரவில்லை."