காசுமேசைக் கணக்கு

மாங்குளம் சந்தியில் எங்கள் கடை.
பஸ் பத்து நிமிடம் நிற்கும்,
அதற்குள் பசி ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து
விலைப்பட்டியலில் ஒட்டிவிட்டுப் போனார்கள்:
கௌபிக்கும் வல்லாரைச் சம்பலுக்கும்
அவித்த மரவள்ளிக்கும் பச்சை இலை,
குளத்து ஜப்பான் மீனுக்கு மஞ்சள்,
மாட்டிறைச்சிக் கொத்துக்குச் சிவப்பு வட்டம்.
மண், தண்ணீர், புகை எல்லாம் கூட்டிக் கழித்ததாம்.
ஒரு மாதம் எண்ணித் தரச் சொன்னார்கள்.
எண்ணினேன்.

முதல் கிழமை லொறிக்காரர்கள்
பச்சையைக் காட்டி, "ஆருக்கு வருத்தம்?" என்றார்கள்.
பத்தியச் சாப்பாடு என்று நினைத்து
கொத்துக்குப் போனார்கள்.
சிவப்பை உறைப்பு என்று விளங்கிய ஒருவர்
இன்னும் கொஞ்சம் சிவப்பாய்ப் போடச் சொன்னார்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் கனகசூரியர்.
கடைசிக் கிளினிக்கில் சீனி முந்நூற்றுப் பத்து.
இலையைப் பார்த்துவிட்டு
மரவள்ளி இரண்டு கோப்பை சாப்பிட்டார்,
கட்டச் சம்பலோடு, மனச்சாட்சி சுத்தமாய்.
இலை நிலத்துக்கு, ஐயா, உங்கள் இரத்தத்துக்கு இல்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் வரிசையில் ஏழு பேர்.
மிச்சக் காசைக் கொடுத்தேன்.
அந்தச் சொல் இன்னும்
விரலில் பசைபோல் இருக்கிறது.

வெள்ளி மத்தியானம்
மிதிவெடி அகற்றும் பெண்கள் வந்தார்கள்,
நெற்றியில் முகக்கவசத்தின் தழும்புக் கோட்டோடு.
ஜெயரூபிக்கு எப்போதும் கொத்துத்தான்.
பட்டியலில் ஓடிய விரல் சிவப்பில் முட்டியது.
விடிந்ததிலிருந்து சிவப்புத் தடிகளுக்கு நடுவே
முழந்தாளில் இருந்தவள்
விரலைப் பின்னுக்கு இழுத்தாள்.
இழுத்ததைத் தானே பார்த்துச் சிரித்தாள்.
"இதுக்குள்ள என்னத்தையடி தாட்டு வைச்சிருக்கிறியள்?"
"மாடு விடுற காத்து" என்றேன்.
மேசை முழுக்கச் சிரிப்பு.
அன்றைக்குச் சோறும் கௌபியும் சாப்பிட்டுப் போனாள்.

அடுத்த வெள்ளி மறுபடி கொத்து.
"கால் வைச்சுப் பாத்திட்டன்" என்றாள்,
"ஒண்டும் வெடிக்கேல்ல."

மாத முடிவில்
பச்சை நூற்றுக்குப் பதினொன்று கூடியிருந்தது.
இலையினாலா,
இடையில் ஏறிய இறைச்சி விலையாலா,
வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊரே மச்சம் விட்டதாலா?
படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

கொதிதண்ணீர் ஆவியில்
ஒரு இலை கழன்று மேசையில் விழுந்திருக்கிறது.
எந்தக் கறியின் இலை என்று தெரியவில்லை.

கனகசூரியர் மூன்று நாளாய்க் கடைப்பக்கம் இல்லை.
அதை எங்கே எழுதுவது என்று
பேனையை மூடாமல் இருக்கிறேன்.
வவுனியா பஸ் கோர்ன் அடிக்கிறது.