அரைப்பேர்

மடுவத்தில் தராசடியில் நிற்பவன் நான்.
பத்தொன்பது வருடமாக
மடுல்சீமை மேல்பிரிவில்
பெண்கள் இறக்கும் கொழுந்தை நிறுத்து
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று என
ரெண்டு கிலோ கழித்து எழுதுகிறவன்.
என் பெண்சாதி நாகரெத்தினத்துக்கும் கழித்தேன்.
கழிக்காவிட்டால் மற்றவர்கள் பேசுவார்கள் என்று
முதல் வருடம் அவளே சொன்னாள்.
பிறகு அதைப்பற்றிப் பேசியதில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில்
டாக்டர் சிங்களத்தில் சொன்னதை
மிஸ்ஸி தமிழில் தந்தாள்:
"வெட்டி, மருந்தும் ஏத்தினா
நூறு பேர்ல எழுபது பேர்
அஞ்சு வருசம் தாண்டுவாங்க."
நாகரெத்தினம் என் காதருகே குனிந்தாள்.
"எனக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"
பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர்,
குறைந்தால் பாதிச் சம்பளம்;
எங்களுக்குத் தெரிந்த பேர் அதுதான்.
என்ன கேட்கிறாள் என்றார் டாக்டர்.
மிஸ்ஸிக்கு அதைச் சிங்களமாக்கத் தெரியவில்லை.

பிறகு படிவம்.
மயக்கம் தெளியாமல் போகலாம்.
ரத்தம் கூடுதலாகப் போகலாம்.
காயம் பழுக்கலாம்.
கை வீங்கலாம்.
திரும்பியும் வரலாம்.
எல்லா வரியும் லாம், லாம் என்று முடிந்தது.
தோட்டத்தில் எங்களோடு யாரும்
அந்த எழுத்தில் பேசியதில்லை.
எடுக்கணும், ஏறணும், வரணும்,
அவ்வளவுதான்.
அத்தனை லாமுக்கும் கீழே
அவள் பெயரை மெதுவாக எழுதினாள்,
ரகரத்தில் ஒருமுறை நின்று.

இடது மார்பை எடுத்தார்கள்.
அக்குளிலிருந்து பதினெட்டு நெறிக்கட்டிகள்,
அதில் நாலில் இருந்ததாம்.
"பதினெட்டா?" என்றாள், தொண்டை கட்டியிருந்தது.
"அப்ப முழுப்பேர்தான்."

மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் நிறுக்கிறார்கள்.
எடைக்கும் உயரத்துக்கும் கணக்குப் பார்த்துத்தான்
அந்தச் சிவப்பு மருந்து.
நாற்பத்தேழு.
மூன்று கிழமை கழித்து நாற்பத்தைந்து.
செருப்பைக் கழற்றச் சொன்ன மிஸ்ஸியிடம்
"சாக்குக்குக் கழிக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.
மிஸ்ஸி சிரித்தாள்.
நான் சுவரிலிருந்த கைகழுவும் படத்தைப்
படிப்பதுபோல் நின்றேன்.

முடி போனது. வாய் வெந்தது.
விரல்களில் கொழுந்துக் கறை வெளுத்து
நகத்தடியில் மருந்துக் கறை ஏறியது.

ரெண்டாம் ஊசியின் பத்தாம் நாள்
இரவு பதினொரு மணிக்கு
நூற்று ஒன்று காய்ந்தது.
காய்ச்சல் வந்தால் விடியக் காத்திருக்காதே,
பெனடோல் கொடுத்துப் படுக்கவைக்காதே
என்று சொல்லியிருந்தார்கள்.
உடனே வா என்றார்கள்.
உடனே என்பது எங்கள் மலையிலிருந்து
ரெண்டரை மணித்தியாலம்.
கிருபைராஜின் திரீவீலரில்
பனிமூட்டத்துக்குள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.
பசறையில் எண்ணிக்கை விட்டுப்போனது.

"வெள்ளையணு இருநூறுதான் இருக்கு."
எத்தனை இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.
நிறுக்கிறவனுக்குக் குறைவு
முகத்திலேயே தெரியும்.

மூன்று கட்டில் தள்ளி
பிபிலையிலிருந்து வந்த கருணாவதி.
அதே மருந்து, அதே நாள்,
எங்களுக்கு ஒருமுறை ஆரஞ்சு உரித்துத் தந்தவள்.
விடியும்போது அவள் கட்டிலில்
புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
மருந்தாலேயே சாவது
நூறில் ஒன்று, ரெண்டு என்று சொல்லியிருந்தார்கள்.
மிச்சத் தொண்ணூற்றெட்டுப் பேரில் ஒருத்தி
தண்ணீர் கேட்டாள்.

இப்போது பதினான்கு மாதம்.
படம் பிடித்ததில் ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை,
மூன்று மாதத்தில் வா என்று அர்த்தம்.
இடது கை வீங்கிவிட்டது.
கீறக்கூடாது, அட்டை கடிக்கக்கூடாது,
பாரம் தூக்கக்கூடாது.
தேயிலைக்குள் இறங்காதே என்பதை
இத்தனை விதமாகச் சொல்லலாம்.
ஞாயிற்றுக்கிழமை தையல் டேப்பால் அளக்கிறேன்.
இருபத்தைந்து. இருபத்தாறரை.
எங்கள் வீட்டில் கூடுவது
அது ஒன்றுதான் என்கிறாள்.

மாலை நிறுவையில்
கழிவு என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா கொஞ்சம் நிற்கிறது.
துரை ரெண்டு என்றுதான் போடச் சொல்கிறார்.
போடுகிறேன்.
போடாமல் விட்ட நாள் ஒன்று இருக்கிறது.
அது எந்த நாள் என்று
இங்கே எழுத மாட்டேன்.